அணைக்கச் சொன்னால், ஏன் என்று கேட்போம்



கவனமாக இருக்க வேண்டிய இடங்களில் கைத்தொலைபேசியை எப்படிப் பாவிப்பது என்பதுதான் இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். பெற்றோல் நிலையம், வைத்தியசாலை, விமானம், நீதிமன்றம் என்று பல இடங்களில் தொலைபேசிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையைப் பார்க்கிறோம். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து பிளாக்டவுண் வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் வழியிலேயே இப்படி இரண்டு மூன்று கண்ணில் பட்டுவிடும். பலகை ஒரே மாதிரி இருந்தாலும் அதன் பின்னால் உள்ள காரணம் இடத்துக்கு இடம் வேறு.

எங்களில் பலர் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்கள். "இறங்கு" என்றால் இறங்கினோம், "அணை" என்றால் அணைத்தோம். ஏன் என்று கேட்பது அங்கே ஆபத்தாக இருந்தது. அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் எங்களுடன் வந்துவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெற்றோர் காரணம் தெரியாமல் பயப்படுகிறார்கள், பிள்ளைகள் காரணம் தெரியாமல் அலட்சியம் செய்கிறார்கள். இரண்டாலும் கெடுதல் வரலாம். காரணம் தெரிந்துவிட்டால் எங்கே கட்டாயம் அணைக்க வேண்டும், எங்கே ஒரு மீற்றர் தள்ளி நின்றால் போதும், எங்கே அணைக்கவே கூடாது என்று நாங்களே முடிவெடுக்கலாம்.

காரணங்களை ஐந்தாகச் சொல்லலாம்: அலை, காந்தம், பற்றரி, கவனம், படம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலையும் பெற்றோல் நிலையமும்

முதலில் அலை. கைத்தொலைபேசி ஒரு சிறிய வானொலி நிலையம். கேட்பது மட்டுமல்ல, ஒலிபரப்பவும் செய்கிறது. பழைய நேயர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். முன்பெல்லாம் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் பெட்டியில் இருந்து "டிர்ர், டிர்ர்" என்று ஒரு இரைச்சல் கேட்கும். ஒலிபரப்புக் கூடத்துக்குள் நுழையும்போது தொலைபேசியை வெளியே வைக்கச் சொன்னதும் அதனால்தான். 2ஜி எனப்படும் அந்தப் பழைய முறையில் தொலைபேசி தன் சக்தியைத் துடிப்புத் துடிப்பாக, வினாடிக்கு 217 தடவை அனுப்பியது. உச்சத்தில் 2 வற் வரை போகும். அந்தத் துடிப்பைத்தான் ஒலிபெருக்கி பிடித்து எங்களுக்குக் கேட்கச் செய்தது. அவுஸ்திரேலியாவில் 2ஜி வலையமைப்புகள் 2016க்கும் 2018க்கும் இடையில் மூடப்பட்டன. இன்றைய 4ஜி, 5ஜி தொலைபேசிகள் பொதுவாக அந்த உச்சத்தின் பத்தில் ஒரு பங்கு சக்தியில்தான் வேலை செய்கின்றன.

அலை பற்றி அதிகம் பயப்படும் இடம் பெற்றோல் நிலையம். "தொலைபேசி மணி அடித்தது, பெற்றோல் தீப்பற்றியது" என்ற செய்தி 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. ஷெல் நிறுவனம் விடுத்த எச்சரிக்கை என்று அதில் எழுதியிருந்தார்கள். அது தாங்கள் விடுத்த எச்சரிக்கை அல்ல என்று ஷெல் மறுத்தது. அதே செய்தி இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் மாமாக்களிடம் இருந்தும் சித்திகளிடம் இருந்தும் வந்துகொண்டிருக்கிறது. பிரித்தானியாவின் கென்ற் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஆடம் பர்ஜஸ் இந்த வதந்தியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கைத்தொலைபேசிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தீ ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியிலும் பெற்றோல் ஆவிக்கு நடுவே தொலைபேசியை இயக்கிப் பார்த்தார்கள். தீப்பற்றவில்லை.

அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் பெற்றோலிய உபகரண நிறுவகம் இத்தகைய தீ விபத்துகளைச் சேகரித்துப் பார்த்தது. பலவற்றில் நடந்தது ஒரே மாதிரி. அங்கே பம்பின் பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டால் பெற்றோல் தானாக ஓடும். சாரதி அப்படி விட்டுவிட்டுக் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். உடுப்பு இருக்கையில் உரசியதால் உடம்பில் நிலைமின் ஏறியது. திரும்பி இறங்கி வந்து பிடியைத் தொட்டபோது ஒரு சிறு பொறி பறந்தது. பெற்றோல் ஆவியைப் பற்ற வைக்க ஒரு மில்லிஜூலிலும் குறைந்த சக்தியே போதும். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையோடு கார்க் கதவைத் தொடும்போது "சுரீர்" என்று அடிக்குமே, அதில் அதைவிடப் பல மடங்கு சக்தி இருக்கலாம்.

ஆகவே யூலை மாதக் காலையில், காற்று உலர்ந்து குளிராக இருக்கும் மேற்கு சிட்னியில், கவனிக்க வேண்டியவை இவை. இறங்கியவுடன் காரின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். நிரப்பி முடியும்வரை மீண்டும் காருக்குள் ஏற வேண்டாம். புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கலனில் பெற்றோல் எடுப்பதானால் கலனை நிலத்தில் வைத்து நிரப்புங்கள், காரின் பின்பெட்டிக்குள் வைத்தபடி நிரப்பக் கூடாது. தப்பித் தவறித் தீப்பற்றினால் பிடியை வெளியே இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டு விலகுங்கள். காரில் பிள்ளைகள் இருந்தால் அவர்களை இறக்கிக்கொண்டு தூரப் போய், கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். பம்பை நிறுத்தும் அவசரப் பொத்தான் அவரிடம் இருக்கும்.

அப்படியானால் அங்கே தொலைபேசியில் கதைக்கலாமா? பலகை இருக்கும் இடத்தில் கதைக்க வேண்டாம். கதைத்துக்கொண்டு நிற்பவர் பெற்றோல் வழிவதைக் கவனிக்க மாட்டார், பின்னால் நகரும் காரையும் கவனிக்க மாட்டார். இப்போது சில பெற்றோல் நிறுவனங்களே தொலைபேசிச் செயலி மூலம் பணம் கட்டும் வசதியைத் தருகின்றன. அதையும் காருக்குள் இருந்தபடியே செய்து முடித்துவிட்டு, பிறகு இறங்கி நிரப்புங்கள்.

வைத்தியசாலை

வைத்தியசாலையில் அலையால் ஆபத்து உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் மிகக் கிட்டத்தில். 2007இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நோயாளர் அறைகளில் 300 தடவை சோதித்தார்கள். வைத்தியக் கருவிகளில் எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை. அதே ஆண்டு நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் 61 கருவிகளைச் சோதித்தார்கள். 26 கருவிகளில் குழப்பம் ஏற்பட்டது. ஒரு செயற்கைச் சுவாசக் கருவி நின்று மீண்டும் ஓடத் தொடங்கியது. மருந்து ஏற்றும் ஊசிப் பம்புகள் எச்சரிக்கை ஒலிகூட இல்லாமல் நின்றன.

ஒன்று ஆபத்தில்லை என்கிறது, மற்றது ஆபத்து என்கிறது. எதை நம்புவது? அம்ஸ்டர்டாம் ஆய்வில் குழப்பம் ஏற்பட்ட தூரத்தைப் பாருங்கள். நடுமட்டமாக அது வெறும் 3 சென்ரிமீற்றர். அதாவது தொலைபேசியைக் கருவியின் மேல் வைத்ததுபோல. மேயோவில் சாதாரணமாக ஒருவர் கட்டிலருகே நின்று கதைப்பதுபோலச் சோதித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விதி எளியது: கருவியில் இருந்து ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி நில்லுங்கள். தொலைபேசியை மருந்துப் பம்பின் மேலோ, சுவாசக் கருவியின் மேலோ, நோயாளியின் தலையணைப் பக்கத்தில் வயர்களுக்கு நடுவிலோ வைக்க வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அணைக்கச் சொன்னால் அணைத்துவிட்டு, கதைக்க வேண்டுமானால் நடைபாதைக்கு வாருங்கள்.

இங்கேதான் தேவையில்லாத பயமும் கெடுதல் செய்கிறது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், வைத்தியசாலையில் சேர்ந்த அன்றே தொலைபேசியை அணைத்து மனைவியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் போன் கூடாது என்று அவருக்கு யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். ஆங்கிலம் அவருக்குப் பெரிதாக வராது. அன்று இரவு தாதி வந்து ஏதோ கேட்டார். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சொல்லவும் முடியவில்லை, மகளைக் கூப்பிடவும் வழியில்லை. காலையில் மகள் வந்துதான் விஷயம் விளங்கியது. நல்லவேளை, மருந்து இன்னும் ஏற்றப்படவில்லை.

சாதாரண வார்டில் தொலைபேசி வைத்திருக்கலாமா என்று தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசம், தமிழிலும் கேட்கலாம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போது பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்து மொழிபெயர்க்க வைப்பதைவிட, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதே பாதுகாப்பு. பிள்ளைக்கு "மயக்க மருந்து" என்பதற்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், கெட்ட செய்தியை அம்மாவுக்குச் சொல்ல அதற்கு மனம் வராமல் போகலாம்.

2021இல் சிட்னி முடக்கப்பட்டிருந்த மாதங்களை மறந்திருக்க மாட்டோம். பிளாக்டவுண் மாநகரப் பகுதிக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் இருந்தன. வைத்தியசாலைக்குள் பார்வையாளர்களுக்கு இடமில்லை. அப்போது பல குடும்பங்களுக்கு அப்பாவின் முகத்தைக் காட்டியது தாதியின் கையில் இருந்த தொலைபேசித் திரைதான். வைத்தியசாலையில் தொலைபேசி எதிரியும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல. தூரமும் நேரமும் அறிந்து பாவிக்க வேண்டிய பொருள்.

காந்தம்

அடுத்தது காந்தம். இதை எங்கள் பெரியவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியோ, இதயம் தடுமாறினால் மின்னதிர்வு கொடுக்கும் கருவியோ நெஞ்சில் பொருத்தியவர்கள் எங்கள் மத்தியில் பலர் இருக்கிறார்கள். அந்தக் கருவிகளுக்கு மேல் காந்தத்தைப் பிடித்தால் அவை வேறு முறைக்கு மாறும்படியே செய்திருக்கிறார்கள். வைத்தியர் தேவைப்படும்போது மாற்றுவதற்காக அப்படி வைத்த ஏற்பாடு அது. ஆனால் இப்போது சில தொலைபேசிகளின் முதுகிலேயே காந்தம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் டிட்ரொயிட்டில் உள்ள ஹென்றி ஃபோர்ட் வைத்தியசாலை வைத்தியர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஐபோன் 12 ஒன்றை நோயாளியின் இடது நெஞ்சுக்கு மேல் கொண்டுவந்தபோது, மின்னதிர்வு கொடுக்கும் கருவி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. தொலைபேசியை எடுத்ததும் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது.

அப்பிள் நிறுவனமே சொல்லும் அளவு இது: தொலைபேசிக்கும் கருவிக்கும் இடையில் 15 சென்ரிமீற்றருக்கு மேல், வயர் இல்லாமல் சார்ஜ் செய்யும்போது 30 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டும். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சற்றுக் கூட இருந்தால் நல்லது. ஆகவே சட்டையின் இடது பையில் தொலைபேசி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கருவி இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கக் காதில் வைத்துக் கதையுங்கள். நெஞ்சில் தொலைபேசியை வைத்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டு நித்திரை கொள்ள வேண்டாம். தொலைபேசியையே விட்டுவிடத் தேவையில்லை. இடைவெளி இருந்தால் போதும்.

எம்.ஆர்.ஐ. அறையின் கதை வேறு. அங்கே உள்ள காந்தம் பூமியின் காந்தத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் வைத்தியசாலையில் ஒட்சிசன் உருளையோடு அந்த அறைக்குள் போன நோயாளியின் உறவினர் ஒருவர், உருளையோடு சேர்த்து இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். தொலைபேசியைச் சும்மா அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே சரிவராது. தொலைபேசி, திறப்புக்கோர்வை, மணிக்கூடு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும். நோயாளியோடு துணைக்குப் போகும் உங்களுக்கும் இதே விதிதான்.

பற்றரியும் விமானமும்

விமானத்தில் தொலைபேசியை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டால், விமானம் விழுந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். விமானியின் காதுக்கருவியில் அந்தப் பழைய "டிர்ர்" இரைச்சல் கேட்கலாம், தரையிறங்கும் நேரத்தில் அது தொல்லை. அதனால்தான் விமான முறைக்கு மாற்றச் சொல்கிறார்கள். 2014 ஓகஸ்ட் முதல் குவாண்டாஸும் வேர்ஜின் அவுஸ்திரேலியாவும் விமான முறையில் வைத்திருந்தால் புறப்படும்போதும் இறங்கும்போதும்கூடப் பாவிக்கலாம் என்று அனுமதித்தன.

அலை பற்றிய பயம் குறையக் குறைய, பற்றரி பற்றிய கவலை கூடியது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தொலைபேசிகள் சூடேறித் தீப்பற்றியதால் நிறுவனம் அவற்றைத் திருப்பி அழைத்தது. அந்த ஒக்டோபரில் அவுஸ்திரேலிய விமான நிறுவனங்களும் அவற்றை விமானத்தில் ஏற்ற மறுத்தன. 2025 யூலையில் சிட்னியில் இருந்து ஹோபாட் போன வேர்ஜின் விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் தீப்பிடித்தது. பவர் பாங்க் ஒன்றில் இருந்து வந்த தீ என்று சொல்லப்பட்டது. 2025 டிசெம்பரில் வேர்ஜினும் குவாண்டாஸும் விமானத்துக்குள் பவர் பாங்க்கைப் பாவிப்பதற்குத் தடை கொண்டுவந்தன.

கொழும்புக்கோ சென்னைக்கோ போகும்போது நாங்கள் பெட்டி அடுக்குவது உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்களுக்குப் பழைய தொலைபேசி, பற்றரி, பவர் பாங்க் எல்லாவற்றையும் உடுப்புக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுவோம். அது கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் பெட்டிக்குள் பற்றரி தீப்பிடித்தால் கையால் எடுத்து அணைக்க ஒருவரும் இல்லை. பவர் பாங்க்கும் தனிப் பற்றரிகளும் கைப்பையில் மட்டுமே வர வேண்டும். 100 வற் மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய பவர் பாங்க் ஏறத்தாழ 74 வற் மணி.

இன்னொன்று. தொலைபேசி இருக்கைக்கு இடையில் விழுந்துவிட்டால் இருக்கையை முன்னும் பின்னும் அசைத்துத் தேட வேண்டாம். இருக்கையின் பொறியில் பற்றரி நசிந்தால் தீப்பிடிக்கும். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள், அவர் எடுத்துத் தருவார். வீட்டிலும் இதே பற்றரிதான் இருக்கிறது. ஊதிய பற்றரியைத் தொடர்ந்து பாவிக்க வேண்டாம், தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம். பழுதான பற்றரியை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது.

கண்ணும் கையும்

நான் சொன்ன எல்லா இடங்களையும்விட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. அங்கே சிவப்புக் கோடு போட்ட பலகை பெரும்பாலும் இருக்காது. அதுதான் எங்கள் காரின் முன் இருக்கை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது 2 வினாடி திரையைப் பார்த்தால், கார் 33 மீற்றர் தூரத்தைக் கண்ணில்லாமல் கடந்துவிடும். ஒரு பாடசாலைக் கடவையைத் தாண்ட அது போதும்.

நியூ சவுத் வேல்ஸில் தொலைபேசியைக் கண்டுபிடிக்கும் கமராக்கள் 2019 டிசெம்பரில் வேலை தொடங்கின. 2020 மார்ச் 1 முதல் அபராதம் வருகிறது. அபராதம் 400 டொலருக்கு மேல், அதோடு 5 குற்றப்புள்ளிகள், இரட்டைப் புள்ளி நாட்களில் 10. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கையில் எடுத்தாலும் குற்றம், மடியில் வைத்திருந்தாலும் குற்றம். முழு அனுமதிப்பத்திரம் உள்ளவர் உரிய தாங்கியில் பொருத்தி வழிகாட்டிக்கோ, கையால் தொடாமல் கதைப்பதற்கோ பாவிக்கலாம். 'எல்' பலகை, பி1, பி2 சாரதிகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. பி1 சாரதிக்கு உள்ள எல்லை 4 புள்ளிகள். அப்படியானால் ஒரே ஒரு தொலைபேசிக் குற்றத்தோடு அனுமதிப்பத்திரம் போய்விடும்.

இதைச் சொல்லும்போது பெற்றோரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். பிள்ளை இரவு வேலை முடித்து எம்7 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கும். நாங்கள் அழைப்போம். எடுக்காது. திரும்ப அழைப்போம், திரும்பத் திரும்ப அழைப்போம். போனவர்கள் திரும்பி வராத காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், எடுக்காத தொலைபேசி எங்கள் வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டாவது தடவை மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளை திரையைப் பார்க்கும். எங்களுக்குப் பயந்து எடுக்கவும் எடுக்கும். பிள்ளையோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். புறப்படும்போது ஒரு செய்தி, வந்து சேர்ந்ததும் ஒரு செய்தி. இடையில் நாங்கள் அழைக்க மாட்டோம், அழைத்தாலும் நீ எடுக்கத் தேவையில்லை. இந்த வார்த்தையைப் பெற்றோர் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் பிள்ளைக்கு எடுக்காமல் இருக்கத் துணிவு வரும்.

படம்

கடைசிக் காரணம் கமரா. நீதிமன்ற வளாகத்தில் அனுமதியில்லாமல் படமோ ஒலியோ பதிவு செய்வது நியூ சவுத் வேல்ஸின் 2005ஆம் ஆண்டு நீதிமன்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒருவர் தனிப்பட்ட முறையில் கதைப்பதை அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்வதும் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வைத்தியர் சொல்வதைப் பதிவு செய்து வீட்டில் மகனுக்குக் கேட்கக் கொடுக்க விரும்பினால், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கும் மண்டபத்திலும் படம் எடுக்க வேண்டாம்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. அடைக்கலம் கேட்டு நிற்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம், அல்லது அவர் எங்கள் கோவில் திருவிழாவுக்கு வருகிறார். அன்பினால் ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டுவிடுகிறோம். அந்தப் படம் ஊருக்குப் போகும். அவருடைய தாயின் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல் அவர் முகத்தைப் போடாதீர்கள். கூட்டத்தோடு எடுத்த படத்துக்கும் இது பொருந்தும்.

ஊருக்குப் போகிறவர்களும் தங்கள் தொலைபேசியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் முகநூல் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இலங்கையில் கைது செய்யப்பட்டார்கள். இங்கே நீங்கள் சாதாரணமாகப் பகிர்ந்த படம் அங்கே உங்களோடு நிற்கும் மச்சானுக்குத் தொல்லையாகலாம். இராணுவ முகாம், கடற்படைத் தளம், சோதனைச் சாவடி இவற்றின் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டாம்.

அணைக்கக் கூடாத இடம்

ஐந்து காரணங்களையும் பார்த்துவிட்டோம். ஆபத்து நேரத்தில் அதே தொலைபேசிதான் எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அவுஸ்திரேலியாவின் 3ஜி வலையமைப்புகள் 2024 ஒக்டோபர் 28ஆம் திகதியோடு மூடப்பட்டன. அதன் பிறகு சில பழைய தொலைபேசிகளில் 000 என்ற அவசர இலக்கத்தை அழைக்க முடியாது. 2025இல் சில பழைய சாம்சங் மாதிரிகளிலும் இந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாங்கள் கொடுத்த பழைய தொலைபேசி எந்த மாதிரி என்று இந்த வாரமே பாருங்கள். இணைப்புத் தரும் நிறுவனத்திடம் கேட்டால் அது சரிவருமா என்று சொல்வார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக 000 ஐ அழைக்க வேண்டாம்.

000 அழைத்தால் "பொலிஸ்", "ஃபயர்", "அம்புலன்ஸ்" இந்த மூன்றில் ஒன்றை முதலில் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று சொல்லி இணைப்பை விடாமல் வைத்திருங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த நான்கு சொற்களையும் ஒரு கடுதாசியில் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

நேயர்களே, பெற்றோல் நிலையத்தில் நிலைமின்னைக் கவனியுங்கள். வைத்தியசாலையில் கருவியில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள். நெஞ்சில் கருவி இருந்தால் தொலைபேசியை ஒரு சாண் தள்ளி வையுங்கள். விமானத்தில் பற்றரி கைப்பையில் இருக்கட்டும். காரில் தொலைபேசி கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பலகையின் பொருள் விளங்காவிட்டால், அங்கே நிற்கும் தாதியிடமோ காவலாளியிடமோ "ஏன்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்த நாட்டில் அப்படிக் கேட்பதற்காக எங்களை ஒருவரும் இறக்கி வரிசையில் நிறுத்த மாட்டார்கள். கேட்டுத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.